பிரெக்ஸிட் இழப்பு: 4 சதவீதமா, 8 சதவீதமா, ஒன்றுமே இல்லையா?

#1 எண்சுவடி

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியதால் என்ன நட்டம் என்று பேச்செடுத்தாலே மூன்று கணக்குகள் முட்டிக்கொள்கின்றன. பிரிட்டனின் நிதிக் கணிப்பு அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், அதாவது ஓபிஆர், 4 சதவீதம் என்கிறது. 2025 நவம்பரில் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, தலா ஜிடிபி 6 முதல் 8 சதவீதம் வரை குறைந்துவிட்டது என்கிறது. எதிர்த்தரப்போ, "2023, 2024 இரண்டு ஆண்டும் ஜெர்மனி சுருங்கியது, நாம் சுருங்கவில்லை, இழப்பு எங்கே?" என்று கேட்கிறது. எந்த எண் எதை அளக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சி கட்டி அடித்துக்கொள்ள வேறு இழை இருக்கிறது.

#2 வல்வைக்காற்று

முதலில ஓபிஆர். 4 சதவீதம் எண்டால் ஒரு வருசத்தில 4 சதவீதம் விழுந்துது எண்டு அர்த்தம் இல்லை. ஒன்றியத்துக்குள்ள இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய உற்பத்தித்திறனை விட, ஏறத்தாழ 15 வருசம் போக, 4 சதவீதம் கீழ நிக்கும் எண்டதுதான். அதுவும் அவையள் தாங்களே கட்டின மாதிரி இல்லை, வெளியில வந்த 13 மதிப்பீடுகளின்ர சராசரி. ஏற்றுமதி, இறக்குமதி ரெண்டும் 15 சதவீதம் குறையும் எண்டது அதோட சேர்ந்த எடுகோள். 2021இல ஒன்றியத்தோட போட்ட வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வரேக்கையே அந்த 4இல ஐந்தில ரெண்டு பங்கு நடந்து முடிஞ்சுது எண்டு அவையளே எழுதினவை. 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு தொழில் முதலீடு அசையாமல் கிடந்ததுதான் காரணம்.

புளூம் ஆக்கள் செய்தது வேற வேலை. ஒரு பக்கம் பிரிட்டனை மற்ற நாடுகளோட ஒப்பிட்டவை. மறு பக்கம் இங்கிலாந்து வங்கியோட சேர்ந்து நடத்துற நிறுவனக் கருத்தாய்வை வச்சு, ஐரோப்பாவில கூடத் தங்கியிருந்த நிறுவனங்களையும் குறைவாத் தங்கியிருந்த நிறுவனங்களையும் ஒப்பிட்டவை. முதலீட்டில 12 முதல் 18 சதவீதம், வேலையில 3 முதல் 4, உற்பத்தித்திறனில 3 முதல் 4 சதவீதம் இழப்பு எண்டு வந்தது. இங்க கவனிக்க வேணும்: ஓபிஆர் சொல்லுறது உற்பத்தித்திறன், அதாவது ஒரு மணி நேர உழைப்புக்கு வாற உற்பத்தி; புளூமின்ர 8 சொல்லுறது தலா ஜிடிபி, அதாவது ஆளுக்கு வாற மொத்த உற்பத்தி. உற்பத்தித்திறனை மட்டும் எடுத்துப் பாத்தால் ரெண்டும் கிட்டக் கிட்டத்தான் நிக்குது. பத்திரிகைக்காரர் இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டினம், தலைப்பு சப்பெண்டு போயிடும்.

#3 தேம்ஸ்கரை

நாடுகளை ஒப்பிடும் முறையைச் சினிமா மொழியில் சொன்னால், டூப் போடுவது. 2016க்கு முந்தைய பிரிட்டனைப் போலவே நடந்து வரும் டூப் ஒன்றைப் பல நாடுகளைக் கலந்து தயாரிக்கிறார்கள். 2016க்குப் பிறகு டூப் எங்கே போகிறது, அசல் எங்கே போகிறது என்று பார்த்து, இடைவெளிக்கு பிரெக்ஸிட் என்று பெயர் வைக்கிறார்கள். அந்த டூப்பில் யாரைச் சேர்த்தீர்கள் என்பதில்தான் வழக்கே. ஐரோப்பியச் சீர்திருத்த மையத்தின் ஜான் ஸ்பிரிங்ஃபோர்டு 2022 நடுவில் 5.5 சதவீத இடைவெளி காட்டினார். அவருடைய டூப்பில் அமெரிக்காவுக்குக் கனமான பங்கு. அமெரிக்கா சொந்தமாக எரிவாயு எடுக்கிற நாடு, கொரோனாவில் பணத்தை வாரி இறைத்த நாடு. 2022இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது வீட்டுச் சூடேற்றிக்கும் மின்சாரத்துக்கும் வாயுவையே நம்பியிருந்த பிரிட்டன் அடி வாங்கியது. அந்த அடியும் பிரெக்ஸிட் கணக்கில் ஏறிவிடுகிறது.

இன்னொன்று. 2016 மே மாதம் நிதி அமைச்சகம் என்ன சொன்னது? வெளியேற வாக்களித்தாலே உடனடி மந்தம், வேலையின்மை சுமார் 5 லட்சம் கூடும், மோசமானால் 8 லட்சத்துக்கு மேல். வேலையின்மை குறைந்தது. ஒரு முறை புலி வருது சொன்னவர்கள் மறுபடி சொல்லும்போது கேட்பவனுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே.

#4 வல்வைக்காற்று

2016 மே கணிப்பு பிழைச்சது உண்மை, அதை மறைக்க ஏலாது. ஆனால் எதிர்ப்பக்கக் கணிப்பையும் வையுங்கோ. வெளியேறுறதை ஆதரிச்ச பொருளியலாளர் பற்றிக் மின்ஃபர்ட், எல்லாச் சுங்கத்தையும் எடுத்துவிட்டால் ஜிடிபி 4 சதவீதம் கூடும் எண்டவர். அப்படி ஒரு அரசும் சுங்கத்தை எடுக்கேல்லை, எடுத்திருந்தால் விவசாயியள் விட்டிருக்க மாட்டினம்.

டூப்பின்ர குறை சரி. அதுக்குத்தான் நிறுவனக் கணக்கு. ரஷ்ய எரிவாயு லீட்ஸில இருக்கிற ரெண்டு தொழிற்சாலையையும் ஒரே மாதிரித்தான் அடிக்கும். ஐரோப்பாவுக்கு அனுப்புறது மட்டும் கூட இழந்திருந்தால், அந்த வித்தியாசத்துக்கு எரிவாயுவைக் குற்றம் சொல்ல ஏலாது.

ஒரு எச்சரிக்கை: வர்த்தகப் புள்ளிவிவரத்தை எடுத்துச் சண்டை பிடிக்கிற ஆக்கள், தொடர் உடைஞ்ச இடத்தைப் பாருங்கோ. ஒன்றியத்துக்கான ஏற்றுமதியை 2021 சனவரியில இருந்தும், அங்கயிருந்து வாற இறக்குமதியை 2022 சனவரியில இருந்தும் சுங்கப் பத்திரத்தை வச்சு எண்ணினம். அதுக்கு முதல் நிறுவனங்களிட்டக் கேட்டு எண்ணினது. 2021 இறக்குமதியையும் 2022 இறக்குமதியையும் பக்கத்தில வச்சுக் கோடு கீறினால் அது வெறும் படம்.

#5 பேலட்ராஜா

ஜிடிபிய மேல இருந்து பாத்துட்டே இருந்தா இது முடியாது சார். கீழ, டோவர் துறைமுகக் கேட்டுல நின்னு பாருங்க. "சுங்கம் பூஜ்யம், கோட்டா பூஜ்யம்"னு 2020 டிசம்பர்ல கையெழுத்துப் போட்டாங்க. நிஜம்தான். ஆனா பூஜ்யம் வாங்கறதுக்குன்னே ஒரு செலவு இருக்கு.

ஒரு பெட்டி சீஸ் பிரான்சுக்குப் போகணும்னு வைங்க. 2020 வரைக்கும் இன்வாய்ஸ், டெலிவரி நோட்டு, அவ்ளோதான். இப்ப என்ன வேணும்? ரெண்டு பக்கமும் இஓஆர்ஐங்கற சுங்கப் பதிவு எண். சரியான சரக்கு கோடு. பிரிட்டன்ல ஏற்றுமதி டிக்ளரேஷன், பிரான்ஸ்ல இறக்குமதி டிக்ளரேஷன். இது பிரிட்டன்ல விளைஞ்சதுதான்னு இன்வாய்ஸ்ல ஒரு உறுதிமொழி வாசகம், அது இல்லேன்னா பூஜ்யம் கிடையாது, முழுச் சுங்கம். அப்புறம் உடல்நலச் சான்றிதழ். அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். எந்த நாட்டு எல்லை வழியா நுழையுதோ அந்த நாட்டு மொழியிலும் படிவம் இருக்கணும். பொருந்தாத வாசகம் ஒவ்வொண்ணையும் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல முத்திரை வைக்கணும். கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையோட நிறத்துல இருக்கக் கூடாது, கறுப்புல அச்சடிச்சிருந்தா நீலத்துலயோ வேற நிறத்துலயோ வரணும். வாங்கறவன் பக்கத்துல இருந்து ஒன்றியத்தோட ட்ரேசஸ்ங்கற ஆன்லைன் பதிவேட்டுல 24 மணி நேரம் முன்னாடி தகவல் ஏத்தணும். அப்புறம் பெட்டி அடுக்கற பேலட். மரப் பேலட்டுன்னா உள்மரம் 56 டிகிரில 30 நிமிஷம் வெந்து முத்திரை குத்தியிருக்கணும். சீஸ் எல்லாம் சரியா இருந்து பேலட்ல முத்திரை இல்லாம மாட்டினாலும் மாட்டினதுதான்.

இப்ப கைக்கணக்கு. சான்றிதழ் 200 பவுண்டு, ரெண்டு பக்க ஏஜென்ட்டுக்கும் சேத்து 150னு வைங்க. 350 ஆச்சு. 40,000 பவுண்டு சரக்கு நிறைஞ்ச லாரிக்கு அது ஒரு சதவீதம் கூட இல்ல. 500 பவுண்டு பெட்டிக்கு 70 சதவீதம். சுங்கம்னா சரக்கு மதிப்புக்குத் தக்கபடி வரும், ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விகிதம். காகிதம் அப்படி இல்ல, தலைக்கு இவ்ளோன்னு வர்றது. அடி யாருக்குன்னு இதுலயே தெரியும்.

குரூபேஜ் லாரி இன்னும் மோசம். இருபது பேரோட சரக்கு ஒரே லாரில. ஒருத்தன் படிவத்துல ஒரு கோடு அடிக்க விட்டிருந்தா மத்த பத்தொன்பது பேரும் பிரான்ஸ் பக்கத் துறைமுகமான கலேல காத்துக்கிடக்கணும். ஃபிரஷ் இறைச்சின்னா அங்கயே கதை முடிஞ்சுது. அதனால கலப்புச் சரக்கு லாரிக்காரங்க உணவுச் சரக்கையே வேண்டாம்னு தள்ள ஆரம்பிச்சாங்க.

#6 தேம்ஸ்கரை

காகிதச் செலவை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பழகப் பழகக் குறையும். ஸ்விட்சர்லாந்து காலங்காலமாகச் சுங்கப் பத்திரம் எழுதித்தான் ஒன்றியத்தோடு வியாபாரம் செய்கிறது.

அடுத்தது, ஒன்றியத்துக்கு வெளியே போகும் சரக்கு ஏற்றுமதியும் 2019க்குப் பிறகு மந்தமாகத்தானே கிடக்கிறது? டோக்கியோவுக்குப் போகும் பெட்டிக்குப் புதுக் காகிதம் ஏதும் கிடையாதே. அப்படியானால் நோய் பிரெக்ஸிட் அல்ல, உற்பத்தித் துறையே நலிந்திருக்கிறது. கார் எடுங்கள். 2016இல் 17.2 லட்சம் கார்கள் தயாரித்தார்கள், 2024இல் 8 லட்சத்துக்கும் கீழே. ஹோண்டா 2021 ஜூலையில் ஸ்விண்டன் ஆலையை மூடியது. டீசல் சரிவு, மின்காருக்கு மாறும் செலவு, ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் 2019இல் ஒப்பந்தம் வந்ததால் ஜப்பானிலிருந்தே நேராக ஐரோப்பாவுக்குக் கார் அனுப்பும் வசதி, இத்தனையும் சேர்ந்த விளைவு அது. உள்ளே இருந்திருந்தாலும் ஹோண்டா போயிருக்கும்.

சேவை ஏற்றுமதியையும் யாரும் பேசவில்லை. உலகில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் பிரிட்டனுக்கு. ஆலோசனை, சட்டம், மென்பொருள் எல்லாம் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

#7 வல்வைக்காற்று

டோக்கியோ கேள்வி நல்ல கேள்வி. பதில்: டோக்கியோவுக்குப் போற இயந்திரத்துக்குள்ள இருக்கிற பாகம் ஜெர்மனியில இருந்து வருது. உள்ள வாற பாகத்துக்குக் காகிதம், தாமதம் ஏறினால் வெளிய போற பொருளும் விலை ஏறும். ஆனால் அது முழுப் பதில் இல்லை எண்டதை ஒத்துக்கொள்ளுறன்.

பேலட்ராஜா சொன்ன கைக்கணக்குக்குப் பெரிய கணக்கும் இருக்கு. லண்டன் பொருளியல் பள்ளியில 2024 டிசம்பரில வந்த ஆய்வு, 2022இல மொத்தச் சரக்கு ஏற்றுமதி 27 பில்லியன் பவுண்டு, அதாவது 6.4 சதவீதம் குறைஞ்சுது எண்டு சொல்லுது. ஓபிஆர் நினைச்ச 15ஐ விடச் சின்ன எண்தான், தேம்ஸ்கரை இதைப் பிடிச்சுக்கொள்ளலாம். ஆனால் அது எங்க விழுந்துது எண்டு பாருங்கோ. முன்னம் ஒன்றியத்துக்கு அனுப்பின நிறுவனங்களில 14 சதவீதம், ஏறத்தாழ 16,400 நிறுவனங்கள், அனுப்புறதையே விட்டிட்டினம். பெரிய நிறுவனங்களுக்குக் கீறல் கூட இல்லை. ஆகவே மொத்தத்தைப் பாத்தால் "பெரிசா ஒண்டும் இல்லை", ஆக்களை எண்ணினால் "கூட்டமாய் வெளியேறிட்டினம்". ரெண்டு பக்கமும் உண்மைதான் பேசுது, எண்ணுறது வேற வேற சாமான்.

சேவை வளர்ந்ததும் சரி. ஆனால் வளர்ந்தது ஆலோசனை மாதிரி ஆட்கள் செய்யிற வேலை. நிதிச் சேவைக்கு இருந்த பாஸ்போர்ட் உரிமை, அதாவது ஒரு நாட்டில எடுத்த அனுமதியோட ஒன்றியம் முழுக்க வியாபாரம் செய்யிற உரிமை, போச்சு. 2021 சனவரியிலயே ஐரோப்பியப் பங்கு வியாபாரத்தில ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்திச்சுது. லண்டன் கவிண்டு போகும் எண்டவையும் பிழைச்சவை, ஒண்டும் நடக்காது எண்டவையும் பிழைச்சவை.

#8 நூற்பாவு

திருப்பூர்ப் பக்கத்துல இருந்து ஒண்ணு சேத்திக்கலாமுங்களா? மேல பேசறவங்க எல்லாரும் பிரிட்டன்ல செஞ்ச பொருளப் பத்தியே பேசறீங்க. பிரிட்டன் வழியாப் போற பொருளுக்கு வந்த கூத்து தனி.

முன்னெல்லாம் பிரிட்டிஷ் பையர் மொத்த ஆர்டரையும் இங்கிலாந்தோட ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்துல இறக்கி, இங்கிலாந்து குடோன்ல இருந்து அயர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து கடைகளுக்குப் பிரிச்சு விடுவாங்க. சுங்கம் ஒரு தடவை கட்டுனா முடிஞ்சுது. 2021ல இருந்து அது கவுந்துருச்சுங்க. திருப்பூர்ல தெச்ச பனியன் இங்கிலாந்துக்குள்ள வந்தா ஒரு சுங்கம். அதே பெட்டிய ஜெர்மனிக்கு அனுப்பினா, அது பிரிட்டன் பொருள் இல்லையே, இந்தியப் பொருளுதானே, அங்க இன்னொரு சுங்கம். பின்னலாடைக்கு 12 சதவீதம் வரைக்கும் போகும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையோட பன்னி மிட்டாய் கதையும் இதுதானுங்க. ஜெர்மனில செஞ்சது, இங்கிலாந்துக்கு வந்து திரும்ப அயர்லாந்துக்குப் போறப்ப ஐரோப்பிய மிட்டாய்க்கே ஐரோப்பாவுல சுங்கம்னு வந்து நின்னுச்சு.

தப்பிக்க வழி ரெண்டு. ஒண்ணு, சுங்கக் கட்டுப்பாட்டு குடோன்ல வெச்சுக்கறது: பிரிட்டன் சந்தைக்கு எடுக்கற வரைக்கும் சுங்கம் கட்ட வேண்டாம், வெளிய அனுப்பினா அங்க மட்டும் கட்டினாப் போதும். ஆனா ஒவ்வொரு பெட்டிக்கும் வரவு செலவுக் கணக்கு, உத்தரவாதம்னு வேலை இருக்குங்க. இன்னொண்ணு ஆர்டரையே ரெண்டாப் பிரிச்சு ஒண்ணு ஃபெலிக்ஸ்டோ, ஒண்ணு ராட்டர்டாம். அப்பப் பாருங்க, ஒரே டிசைன், ஒரே கலரு, ரெண்டு லேபிள், ரெண்டு பேக்கிங் லிஸ்ட், கன்டெய்னர் நிறையாம அரைகுறையாப் போகும். பையர் அந்தச் செலவைத் துணி விலைல அழுத்திப் பாப்பாரு. பிரெக்ஸிட் பில்லுல ஒரு மூலை கொங்கு நாட்டுக்கும் வந்துதுங்க.

நல்லதும் சொல்லோணும். 2025 ஜூலை 24ல இந்தியாவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்துல ஆயத்த ஆடைக்குச் சுங்கம் பூஜ்யம்னு இருக்கு. பங்களாதேஷ் ஏற்கெனவே பூஜ்யத்துல அனுப்பிட்டு இருந்துச்சு, அந்தப் பள்ளம் மூடும். ஒன்றியத்துக்குள்ள இருந்திருந்தா பிரிட்டன் இதைத் தனியாப் போட்டிருக்க முடியாதுங்க.

#9 தேம்ஸ்கரை

நூற்பாவு கடைசியில் சொன்னதுதான் என் கட்சி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, 2024 டிசம்பரில் பசிபிக் வர்த்தகக் கூட்டமைப்பு, பிறகு இந்தியா. விஸ்கிக்கு இந்தியா வாங்கும் 150 சதவீதம் முதலில் 75க்கும், பத்தாண்டில் 40க்கும் வருகிறது. அமெரிக்காவையும் சேருங்கள். 2025இல் டிரம்ப் சுங்கம் போட்டபோது பிரிட்டனுக்கு 10, ஒன்றியத்துக்கு 15.

#10 பேலட்ராஜா

அந்த 10ம் 15ம் அப்படியே பக்கத்துல வைக்காதீங்க சார். 2025ல ஒன்றியத்துக்கு 15ன்னா அது உச்சவரம்பு, பழைய சுங்கமும் அதுக்குள்ள அடக்கமா இருந்துச்சு. பிரிட்டனுக்கு 10ன்னா பழைய சுங்கத்துக்கு மேல 10. பழசு 2 சதவீதம்னா 12, பிரிட்டனுக்கு லாபம். பழசு 5ஐத் தாண்டினா பிரிட்டன்காரன்தான் கூடக் கட்டினான். சரக்குக் கோடு தெரியாம யாருக்கு லாபம்னு சொல்ல முடியாது.

#11 வல்வைக்காற்று

ஒப்பந்தங்களின்ர அளவையும் போடுங்கோ. அரசே போட்ட மதிப்பீடு: ஆஸ்திரேலியா நீண்ட காலத்தில ஜிடிபியில 0.08 சதவீதம், நியூசிலாந்து 0.03, இந்தியா 0.13. இந்த மூண்டையும் கூட்டினாலும் கால் சதவீதத்துக்குக் கிட்டத்தான் வருது. எதிர்ப்பக்கத் தட்டில 4. தூரத்துச் சந்தை பக்கத்துச் சந்தைக்கு ஈடாகாது.

#12 சிங்கைவாசி

நடுவில் நுழைகிறேன். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோதும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள். இன்று எங்கே நிற்கிறது?

#13 எண்சுவடி

அந்த ஒப்பீடு பொருந்தாது நண்பரே. சிங்கப்பூர் இணைந்ததே பொதுச் சந்தை கிடைக்கும் என்ற நம்பிக்கையில். 1963 முதல் 1965 வரை அந்தப் பொதுச் சந்தை நடைமுறைக்கு வரவே இல்லை. கைக்கு வராத சந்தையை இழப்பது வேறு. 1973 முதல் கையில் இருந்த சந்தையை, உதிரிபாகம் அங்கே செய்து இங்கே பொருத்தும் அளவுக்குப் பின்னிப் பிணைந்த பிறகு, பிரித்தெடுப்பது வேறு. வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

என் அடுத்த கேள்வி: ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம் என்று 2016இல் வெளியேறும் தரப்பு பிரசாரப் பேருந்தில் எழுதிய வாரம் 350 மில்லியன் பவுண்டு?

#14 வல்வைக்காற்று

அது பிரிட்டனுக்கான கழிவை, அதாவது சந்தாத் தள்ளுபடியை, எடுக்க முதல் இருந்த எண். தாட்சர் காலத்துக் கழிவு பணம் போறதுக்கு முதலே கழிபடும், ஆகவே 350 ஒருநாளும் போகேல்லை. 2014 கணக்குக்கு, கழிவு போக வாரம் ஏறத்தாழ 275. விவசாய மானியம் மாதிரித் திரும்பி வந்ததையும் கழிச்சால் 190க்குக் கிட்ட. அதைச் சேமிச்சது மெய். ஆனால் ஜிடிபியில ஒரு சதவீதம் குறைஞ்சாலே வரி வருமானத்தில வருசத்துக்கு அதே அளவு பணம் போயிடும். சந்தாவை நிப்பாட்டின கணக்கையும் வியாபாரம் குறைஞ்ச கணக்கையும் ஒரே புத்தகத்தில எழுத வேணும்.

#15 மட்டறுத்துநர்

பேருந்து பற்றி வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. யார் பொய்யர் என்ற பட்டியல் இங்கே வேண்டாம்.

#16 தேம்ஸ்கரை

காருக்கு வருகிறேன். உள்ளூர்ப் பாகம் போதாத மின்காருக்கு 10 சதவீதச் சுங்கம் வந்து ஆலைகள் மூடும் என்று 2023 முழுதும் கூப்பாடு. கடைசி மாதத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து தள்ளிவைத்தார்கள். இரண்டு பக்கமும் வியாபாரம் வேண்டுமென்றால் வழி பிறக்கும்.

#17 பேலட்ராஜா

தள்ளிவெச்சது 2026 டிசம்பர் 31 வரைக்கும். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஆலை வாசல் விலை 30,000 பவுண்டு வண்டி. அதுல பேட்டரி 9,000, ஆசியாவுல இருந்து வருது. தள்ளிவெச்ச விதிப்படி வெளிநாட்டுப் பாகம் 60 சதவீதம் வரை, அதாவது 18,000 வரை இருக்கலாம். பேட்டரி போக மீதி 9,000க்கு வேற பாகம் வாங்கிக்கலாம், தாராளம். 2027ல அது 45 சதவீதம், 13,500. பேட்டரி போக 4,500தான். அதுக்கும் மேல, பேட்டரி பேக்கே பிரிட்டன்லயோ ஒன்றியத்துலயோ உருவானதா இருக்கணும்னு தனி நிபந்தனை. ஆக மத்த பாகம் எல்லாம் உள்ளூர்னாலும் இந்த வண்டி தேறாது. வண்டிக்கு 3,000 பவுண்டு சுங்கம்.

இதுல ஒரு நுணுக்கம். ஒன்றியத்துல செஞ்ச பேட்டரி பிரிட்டன் வண்டிக்கு உள்ளூர்ப் பாகமாவே எண்ணப்படும், எதிர்ப்பக்கமும் அப்படித்தான். துருக்கி, ஜப்பான் பாகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால வாங்கற இடத்த மாத்தறது ஒரு வழி. ஆனா சப்ளையர் ஒவ்வொருத்தர்கிட்டயும் "இது இங்கதான் உருவாச்சு"ன்னு அறிக்கை வாங்கி ஃபைல்ல வெச்சிருக்கணும். சுங்கத்துக்காரன் ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேட்டு, அறிக்கை இல்லேன்னா பழைய வண்டிகளுக்கும் சேத்துச் சுங்கம் கேப்பான். சின்ன பாகம் செய்யறவன் மாட்டறது இங்கதான். அவனுக்கு அந்த அறிக்கை எழுதவே தெரியாது, பெரிய கம்பெனி வேற ஆளப் பாத்துட்டுப் போயிடும்.

#18 எண்சுவடி

2025 மே 19 உச்சிமாநாட்டில் உணவு, விவசாயப் பொருட்களுக்கு உடன்பாடு போட ஒப்புக்கொண்டார்களே. அது வந்தால் #5இல் சொன்ன சீஸ் பெட்டிக்கு என்ன ஆகும்?

#19 தேம்ஸ்கரை

சான்றிதழ் போகும். ஆனால் விலை என்ன? பிரசல்ஸ் உணவு விதியை மாற்றும்போதெல்லாம் இவர்களும் மாற்ற வேண்டும், ஓட்டுரிமை இல்லாமல். மீன்பிடி உரிமையை 2038 வரை கொடுத்தாயிற்று. ஏறத்தாழ 25 மில்லியன் பவுண்டு செலவழித்து போர்ட்ஸ்மத்தில் கட்டிய சோதனைச் சாவடிக்கு வேலையே இல்லாமல் போகும். இறக்குமதிச் சோதனையை ஐந்து முறை தள்ளிப்போட்டு, 2024 ஏப்ரல் 30இல் தொடங்கி, சரக்கு வகைக்கு 29 பவுண்டு, அதிகபட்சம் 145 என்று கட்டணமும் வைத்து, இப்போது எடுக்கப்போகிறார்கள். இந்த வீண்செலவை எந்த டூப் கணக்கிலும் காணோம்.

#20 பேலட்ராஜா

அந்த வீண் விஷயத்துல உங்க கூடத்தான் நிக்கறேன் சார்.

எண்சுவடி கேட்டதுக்கு: உடல்நலச் சான்றிதழ் போனா 350ல 200 போச்சு. கால்நடை மருத்துவர் வர்ற நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், மொழிப் படிவம் வேண்டாம். குரூபேஜ் லாரி திரும்ப உணவுச் சரக்க ஏத்தும், அதுதான் பெரிய லாபம். ஆனா சுங்கக் கூட்டணிக்குள்ள திரும்பப் போகலையே, அதனால ரெண்டு டிக்ளரேஷனும் இருக்கும், உறுதிமொழி வாசகமும் இருக்கும், வாங்கறவன் பக்கம் வாட் கணக்கும் இருக்கும். மிச்சம் 150. 500 பவுண்டு பெட்டிக்கு 70 சதவீதம் 30 ஆகும். நாலஞ்சு பெட்டிய ஒண்ணாச் சேத்து மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பறவனுக்குக் கட்டுபடியாகும். வாரா வாரம் ஒரு பெட்டி அனுப்பினவனுக்கு ஆகாது.